போடாமல் வைத்த வார்த்தை

ஐப்பசி 9, திங்கள்

விடியும்போதே தூறல். மாவு பொங்கவில்லை. இட்லி கல் மாதிரி. எதிர் வீட்டுக் கோமளாவின் வீட்டுக்காரர் நான்கு வாங்கிப்போய் இரண்டைத் திருப்பி அனுப்பினார். ஞாபகம் இருக்கும்.

பாப்பா பள்ளிக்கூடம் போகும் முன்னாலேயே போட்டுவிட்டாள். நான்கு எழுத்து. ரெயின். மருந்துக் கடைப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். மழையாம். அப்படியானால் ஓசூரிலும் மழை. குடை கொடுத்து அனுப்பினானோ என்னவோ அந்த ஆள்.

என் முறைக்கு டீ போட்டேன். டீக்கடை போர்டு பார்க்காத நாள் உண்டா. மூன்று எழுத்து. பச்சை.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதவே இல்லை. மறந்துவிடும் என்பதற்காக இல்லை, எனக்கு எதுவும் மறப்பதில்லை, அதுதான் வியாதி. போனில் ஏழு இங்கிலீஷ் எழுத்து வரும். அதிலிருந்து சிலதைச் சேர்த்து ஒரு வார்த்தை போட வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவந்து ஆடும். நான் ஒன்று போட்டால் அவள் ஒன்று. பாயிண்டில் ஒருத்தர் ஜெயித்தாலும் ஆட்டம் முடியும், இரண்டு நாளுக்குள் போடாவிட்டாலும் தானே முடிந்துவிடும். அப்புறம் ஏழு எழுத்தும் மாறிவிடும். பேச முடியாது, எழுத முடியாது, வார்த்தை மட்டும்தான்.

பேச முடியாது என்பதால்தான் பாப்பா இதைப் பிடித்தாள். பாப்பா என்றால் தன்யா, என் செல்வி பெற்றது. வைகாசியில் கீழ்பென்னாத்தூர்க் கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது, என் போனைப் பிடுங்கி இதை ஏற்றினாள். "போன்ல பேசுனா நீ அப்பாவைத் திட்டுவ ஆயா. இதுல திட்ட முடியாது. இதுல வா" என்றாள். ஒன்பது வயசு. செல்வி வாய் அப்படியே.

ஓ.கா. (ஓசூர்க்காரன், பாப்பாவின் அப்பன், பெயரை நான் எழுதுவதில்லை) அந்தப் பக்கம் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு நின்றான். பார்க்காதது மாதிரி நின்றான். நானும் பார்க்காதது மாதிரி சாப்பிட்டேன்.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில் அரை நாள். உளுந்து வாங்கப் போனது. தேங்காய். ரேஷனில் பருப்பு வரவில்லை.

ஆசிரமத்துப் பக்கமாகச் சுற்றிப் போனேன். அங்கேதான் இங்கிலீஷ் ஜாஸ்தி. ஒவ்வொரு கடை வாசலிலும் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள். சூப், ரைஸ், ஜூஸ். பழைய போர்டெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவது வரை படிப்பு. இசட் வரை எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், வார்த்தை ஆரம்பிக்கும் முன் சித்தப்பா நிறுத்திவிட்டார். எருமைக்கு ஆள் வேண்டுமாம். அந்த எருமை அந்த வருஷமே செத்தது. சித்தப்பா தொண்ணூறு வரை இருந்தார்.

இன்று புது ஆட்டம், புது எழுத்து. அதில் எஃப் இருந்தது. எஃப் வருகிற வார்த்தை எங்கும் அகப்படவில்லை. திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக்காரர் எதிரே வந்தார். பனியனில் பெரிய எழுத்து, எஃப் இருந்தது. நின்று படித்தேன். அவரும் நின்றார். கை கூப்பினார். நான் இன்னும் படித்து முடிக்கவில்லை, அவர் தலையைக் குனிந்துவிட்டார். என்ன செய்வது, தலையில் கை வைத்தேன். மனிதர் கண்ணில் தண்ணீர். நிமிர்ந்ததும் மிச்சம் இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். லைஃப். இது தெரியும், எல்.ஐ.சி. ஏஜென்ட் மூச்சுக்கு மூச்சு சொல்லுவார்.

கோமளா மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"இன்னாக்கா, சாமியாராயிட்டியா? நமக்கும் கொஞ்சம் ஆசீர்வாதம் பண்ணு."

"உன் தலைக்கு என் கை போதாதுடி."

"போர்டு போர்டா படிச்சிகினு நிக்கிறியாமே. பரீட்சையா?"

உள்ளே போய்விட்டேன். அவளோடு கணக்கு வேறே இருக்கிறது.

லைஃப் போட்டேன். பச்சை. பாப்பா உடனே ஒரு கிளி பொம்மை அனுப்பினாள், கை தட்டுகிற கிளி. அது வார்த்தை இல்லை, ஆனால் வரும்.

ஐப்பசி 12, வியாழன்

மழை. கடை வாசலில் தண்ணீர். சாக்குப் போட்டேன்.

பெட்டியைத் திறந்தேன், பூச்சி உருண்டை போட. கோடிப் புடவை அடியில் இருக்கிறது. அரக்கு, மஞ்சள் கரை. மடிப்புக் கலையவில்லை.

கார்த்திகை வந்தால் மூன்று வருஷம். தீபத்தன்று காலையில் செல்வி போனாள். காய்ச்சல்தான் என்றிருந்தார்கள். எனக்குச் சேதி வந்தது மறுநாள் விடியற்காலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் கொழுந்தன் மகன் வந்து சொன்னான். ஓ.கா. அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறான். தீபக் கூட்டம், ரோடெல்லாம் அடைப்பு, வண்டியை எங்கேயோ போட்டுவிட்டு நடந்து வந்தேன் என்றான். கதவைத் திறந்தபோது முழங்கால் வரை சேறு. முகத்தைப் பார்த்தேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "எடுத்தாச்சு பெரிம்மா, நேத்து சாயங்காலமே" என்றான்.

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புடவை போர்த்தாமல் எடுப்பதா? எந்த ஊரில் உண்டு? ஓ.கா. வீட்டுப் பெரியவர்கள் இருட்டும் முன் எடுக்க வேண்டும் என்றார்களாம். நான் கடை திறக்க வைத்து இந்தப் புடவையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஓசூர் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். எங்கே போர்த்துவது? மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கொண்டுவந்தேன்.

"நாள் பூரா அடிச்சேன் அத்தை, உங்க போனுக்குப் போகவே இல்ல" என்றான் ஓ.கா. எல்லோர் எதிரிலும் கேட்டேன். கீழ்பென்னாத்தூருக்குப் போகிற போன் எனக்கு மட்டும் போகாதா? தீபத்தன்று காலை கோமளா தன் தங்கையோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் துலக்கிக்கொண்டே. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் மகள் செத்த நேரம் அது. அவள் போன் போயிற்று. அதே தெரு, எதிர் வீடு. அப்படியானால் இவன் அடிக்கவே இல்லை. அம்மாக்காரி வந்தால் கேள்வி கேட்பாள் என்று முடித்துவிட்டான்.

இனி உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று அந்த வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தேன். கேட்கவும் இல்லை.

பாப்பாவிடம் போன் கிடையாது. அவன் போனில்தான் ஆடுகிறாள். அதில் கூப்பிட்டால் அவன் எடுப்பான். அதனால்தான் இந்த ஏழு எழுத்து.

ஐப்பசி 15, ஞாயிறு

மாவு இன்று நன்றாக வந்தது. பாத்திரம் விளிம்பு தாண்டி வழிந்தது.

பழைய ஆட்டம் முடிந்தது. பாப்பா ஜெயித்தாள், எப்போதும் போல. புது எழுத்து வந்திருக்கிறது. எம், ஓ, டி, ஹெச், இ, ஆர், எஸ்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எஸ்ஸைத் தள்ளிவிட்டால் அந்த ஆறும் அப்படியே. எனக்கு அந்த வார்த்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். செல்வி பிரசவத்துக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. ஒரு பகல் முழுக்க அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மாவிடம் கேட்டேன், அது என்ன எழுதியிருக்கிறது என்று. "மதர்மா. அம்மா. தாயும் சேயும்னு போட்டிருக்கு" என்றாள். அப்புறம் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பாப்பா பிறந்தாள்.

போட்டால் ஆறு எழுத்து. நிறையப் பாயிண்ட்.

போடவில்லை. ஹோம் போட்டேன். முதியோர் இல்லத்து போர்டிலிருந்து.

அவள் ரோஸ்.

நான் மோர். நம் மோர் இல்லை, அது பெரிய கடையில் எழுதியிருக்கும்.

அவள் ஷூ.

நான் ரெஸ்ட். பஸ் ஸ்டாண்டு ரூம்.

ஏழெழுத்து வார்த்தையெல்லாம் தேடிப் பிடிக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதல். இவள் கண்ணில் அது படவில்லையா?

ஐப்பசி 16, திங்கள்

தூறல். வாடிக்கை கம்மி. சட்னியில் உப்பு ஜாஸ்தி, யாரும் சொல்லவில்லை, நானே தின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

காலையில் அவள் போட்டது தெம். மத்தியானம் நான் ஹீரோ, ஒரு பையன் சட்டை முதுகிலிருந்து. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் அவள் போட்டது தி. மூன்று எழுத்து. பால்வாடிப் பிள்ளை போடுகிற வார்த்தை. அந்த ஆறெழுத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், தொடமாட்டேன் என்கிறாள். கொதிக்கிற சட்டி ஓரமாகக் கையை நீட்டி நீட்டி எடுக்கிற மாதிரி.

நானும் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியுமா? ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

என் முறை. எனக்கு வேறு வார்த்தை எதுவும் மனதில் இல்லை. தெரு தெருவாக யோசித்துவிட்டேன்.

ஐப்பசி 17, செவ்வாய்

நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். அரிசி இரண்டு மடங்கு ஊறப்போட்டேன். கிரைண்டர் ரிப்பேர் ஆகாமல் இருக்க வேண்டும். வாழையிலை சொல்லியாயிற்று.

கடைத்தெரு முழுக்கப் போர்டு பார்த்தேன். லாட்ஜ், அதில் எல் இருக்கிறது. பேங்க், அதில் பி. எதுவும் இந்த ஏழுக்குள் அடங்கவில்லை.

அந்த ஒன்றுதான் பாக்கி. விரலை எம் மேல் வைத்தேன். எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அவள் போனைத் திறந்ததும் அது பச்சையாக நிற்கும். யார் போட்டது? ஆயா. எதற்குப் போட்டாள்? பாயிண்டுக்கு. அப்படித்தானே இருக்கும்.

நாளை விளக்கு வைப்பதற்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். நாளைக் காலை கூட்டம் கலையும் இடைவெளியில் வேறு போர்டு ஏதாவது பார்க்கலாம்.

ஐப்பசி 18, புதன், பௌர்ணமி

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

விடியற்காலையிலிருந்தே ஜனம். பெரிய கோயிலில் அன்னாபிஷேகம் வேறே. தெரு தலையாகவே தெரிந்தது. ஒன்பது மணிக்குள் முதல் ஈடு தீர்ந்தது. வேலூர்க்காரர்கள் பத்துப் பேர் ஒரே பந்தியாக உட்கார்ந்து தின்றார்கள்.

அவர்களில் ஒரு பெண் தோளில் மாட்டியிருந்த பிளாஸ்கைப் பார்த்தேன். அதன் மேல் எழுத்து. டி, ஹெச், இ, ஆர், எம், ஓ, எஸ். ஏழும் இருக்கிறது! கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாடிப் படியில் ஏறிப் பார்த்தேன். சுற்றுகிறது. பின்பக்கம் போனேன். தெருக்கோடிக்குப் போனேன்.

எனக்கு யார் பௌர்ணமியில் போன் பண்ணியிருக்கிறார்கள்? இட்லி ஊற்றுவதற்கே நேரம் இருக்காது. போன் அரிசி டப்பா மேல் கிடக்கும். அது வேலை செய்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷத்தில் ஒரு பௌர்ணமியிலும் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் போயிடுச்சு ஆயா. இவ்ளோ ஜனம் ஒரே நேரத்துல அடிச்சா டவர் எப்படித் தாங்கும்?" என்றான் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவன்.

எல்லோருக்கும் இல்லை. திரும்பி வருகிறேன், கோமளா வாசலில் நிற்கிறாள். காதில் போன். தங்கையோடு. சிரிக்கிறாள்.

நான் நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா அப்படிப் பாக்குற?"

"உனக்கு மட்டும் எப்படிடீ போவுது?"

"என்துது வேற கம்பெனிக்கா. உன்துது பௌர்ணமி, தீபம்னா படுத்துக்கும். எங்க வூட்டுக்காரருக்கும் அதேதான், ஒவ்வொரு வாட்டியும் கத்துவாரு. உனக்குத் தெரியாதா?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். "இட்லி இல்லையா ஆயா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். மாவு பாத்திரம் நிறைய இருந்தது.

கடையைச் சாத்தினேன். பௌர்ணமியில் நான் கடை சாத்துவது இதுதான் முதல். விளக்கு வைக்கும் முன் எங்காவது போய் அந்த பிளாஸ்க் வார்த்தையைப் போட்டுவிட வேண்டும், வேறு எதுவும் யோசிக்கக் கூடாது என்று நடந்தேன்.

ஊருக்குள் பஸ் விடவில்லை. திண்டிவனம் ரோட்டுத் தற்காலிக பஸ் ஸ்டாண்டு வரை நடை. எல்லோரும் உள்ளே வருகிறார்கள், நான் ஒருத்தி வெளியே போகிறேன். "அம்மா, கிரிவலம் இந்தப் பக்கம்" என்று திருப்பி விட்டார்கள். இரண்டு தடவை திருப்பி விட்டார்கள். கால் வீங்கிவிட்டது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது டீக்கடையில் லைட் போட்டிருந்தார்கள்.

போனில் கோடு வந்தது. நாலு கோடு. ஆட்டம் திறந்தது.

முடிந்துவிட்டது என்று தமிழிலேயே போட்டிருந்தது. கிளி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அதற்குக் கீழே, யாரும் கண்டுபிடிக்காத வார்த்தைகள் என்று வரிசையாக வந்தது. இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. நான் எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. பிளாஸ்க் வார்த்தை மேலே இருந்தது. அதற்கு அடுத்து அந்த ஆறு எழுத்து. அங்கேயும் இதே மாதிரி வந்திருக்கும். அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓ.கா. நம்பர் போனில் இல்லை, அழித்துவிட்டேன். மனதிலிருந்து அழியவில்லை. அடித்தேன்.

"ஹலோ... ஹலோ, யாரு? ... அத்தையா?"

"ம்."

"எங்க இருக்கீங்க? பஸ் சத்தம் கேக்குது."

"கீழ்பென்னாத்தூர்ல. பாப்பாகிட்ட சொல்லு. நான் வேணும்னு உடல. லைன் கெடைக்கல. வார்த்தை வச்சிருந்தேன், போடத்தான் முடியல. அதை மட்டும் சொல்லு."

"சொல்லிட்டேன் அத்தை. மத்தியானமே சொல்லிட்டேன். இன்னைக்குப் பௌர்ணமி, ஆயா போன் போகாது, நீ மனசு கஷ்டப்படாதேன்னு."

"உனக்கெப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது, கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

"அந்த வார்த்தையப் பாத்தாளா?" என்றேன்.

"பாத்தா."

"அழுதாளா?"

"இல்ல. 'ஆயாவுக்கு இது தெரியும்பா, தெரிஞ்சேதான் போடல'ன்னா. நான்தான் கொஞ்சம்..."

நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. வண்டி புறப்படுகிறது என்று கத்தினார்கள். அப்புறம்தான் வைத்தேன்.

ஐப்பசி 19, வியாழன்

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன். தெரு முழுக்கக் காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில். துப்புரவு ஆட்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள்.

கால் வலி. வெந்நீர்.

கோமளா ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்தாள். "நேத்து எங்கக்கா போன, கடையச் சாத்திட்டு?" வாங்கிக்கொண்டேன். மூன்று வருஷமாக அவள் சிரிப்பைச் சாட்சியாக வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

நாள் பூரா அடித்தேன் என்றாரே. நாள் பூரா. ஒரு பக்கம் அவள் கிடக்க, ஒரு பக்கம் இவர் என் நம்பரை அடித்துக்கொண்டு. நான் இங்கே தீபக் கூட்டத்துக்கு இட்லி ஊற்றிக்கொண்டு. போன் அரிசி டப்பா மேல்.

இருந்தாலும் இருட்டும் வரை காத்திருந்திருக்கலாம். ஒரு ராத்திரி வைத்திருந்திருக்கலாம். அதை நான் விடமாட்டேன். அது அந்தப் பெரியவர்கள் மேல்.

ஐப்பசி 21, சனி

நல்ல வெயில், இந்த மாதத்தில் முதல் தடவை. மிளகாய் காயப்போட்டது. பெட்டியிலிருந்து கோடிப் புடவையை எடுத்துக் கொடியில் விரித்தேன். மடிப்பு இருந்த இடமெல்லாம் வெளுத்துக் கோடு விழுந்திருக்கிறது.

"யாருக்குக்கா புதுப்புடவை?" கோமளா.

"செல்விக்கு."

அவள் மிளகாயை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள், புடவையில் நெடி ஏறாமல்.

காலையில் மாப்பிள்ளை போன் பண்ணினார். தீபத்தன்று தெவசம். அன்று கூட்டத்தில் அங்கிருந்து கிளம்ப வழி இருக்காது, முன்னாடி நாளே நீங்கள் ஓசூர் வந்துவிடுங்கள் அத்தை, படையலில் வைக்கப் பிறந்த வீட்டுத் துணி வேண்டும் என்றார். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

மத்தியானம் போன் கிணுகிணுத்தது. பாப்பா புது ஆட்டம் ஆரம்பித்திருக்கிறாள். புது எழுத்து இல்லை. அதே ஏழு. திரும்ப அதையே வாங்க ஒரு பட்டன் இருக்கிறதாம்.

முதல் வார்த்தையே போட்டிருக்கிறாள். ஆறு எழுத்து. எம்மில் ஆரம்பித்து ஆரில் முடிகிறது. பச்சை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அணைந்தது, தட்டினேன், திரும்ப அணைந்தது.

என் முறை. ஸ்டோர் போட்டேன். மருந்துக் கடை போர்டு. புடவையை வெயில் இறங்கும் முன் எடுக்க வேண்டும்.